பதவிக்குப் போர்த்தும் பொன்னாடை

சட்டக் கல்லூரி முன்னாள் மாணவர் விழா மேடை எப்படி இருக்கும் என்பது வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் தெரியும். நடு நாற்காலியில் உயர் நீதிமன்ற நீதிபதி. அவருக்கு இருபுறமும் ஓய்வு பெற்ற நீதிபதிகள், மூத்த வழக்கறிஞர்கள். ஓரத்தில் ஓர் அமைச்சரோ அரசுத் தலைமை வழக்கறிஞரோ. பொன்னாடை, கேடயம், வாழ்த்துரை, ஏற்புரை. “இந்தக் கல்லூரி நாட்டுக்கு எத்தனை நீதிபதிகளைத் தந்திருக்கிறது தெரியுமா?” என்று யாராவது ஒருவர் கேட்பார், அரங்கம் கைதட்டும். அந்தக் கைதட்டலுக்குள் இருக்கும் நம்பிக்கையைத்தான் நான் எதிர்க்கிறேன். உயர்ந்த பதவிக்குப் போனவரே சட்டத்தில் சாதித்தவர், அவரைக் கௌரவித்தால் சாதனை, சேவை இரண்டையும் கௌரவித்ததாக ஆகிவிடும் என்ற நம்பிக்கை அது. தவறான நம்பிக்கை. சட்டம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அது செய்யும் கெடுதலும் சிறியதல்ல.

சென்னை சட்டக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். 1891இல் தொடங்கியது, இன்று டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. கோலக்நாத் தீர்ப்பைத் தந்த தலைமை நீதிபதி சுப்பா ராவ், தலைமை நீதிபதி சதாசிவம், குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் என்று அதன் முன்னாள் மாணவர் பட்டியல் நீளும். அதே பட்டியலில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இருக்கிறார். அவர் ஒருநாளும் நீதிபதியாக இருந்ததில்லை. சென்னை மாகாணத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராக 1929 முதல் 1944 வரை இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் இன்று நாம் அவரை நினைப்பது அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் உட்கார்ந்து அவர் செய்த வேலைக்காக. பதவியை எடுத்துவிட்டாலும் அவர் பெயர் நிற்கிறது. பட்டியலில் உள்ள எல்லோரையும் பற்றி இப்படிச் சொல்ல முடியுமா?

வி.ஆர். கிருஷ்ணய்யரும் இந்தக் கல்லூரியில் படித்தவர்தான். உச்ச நீதிமன்ற நீதிபதியாக 1973 முதல் 1980 வரை அவர் எழுதிய தீர்ப்புகளைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். விலங்கு பூட்டப்பட்ட கைதிக்கும் வக்கீல் வைக்க வழியில்லாத ஏழைக்கும் அரசமைப்புச் சட்டம் உண்டு என்று அவர் எழுதினாரே, அதை அவர் எங்கே கற்றார்? தலச்சேரியில் விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் வழக்காடியபோது. 1948இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று பிடித்துச் சிறையில் போட்டார்களே, அந்தச் சிறையில். 1968இல்தான் அவர் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். நம்முடைய வழக்கப்படி அவருக்குப் பொன்னாடை கிடைத்திருக்கக்கூடிய ஆண்டு எது? 1948 இல்லை. ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்காகச் சிறைக்குப் போனதைவிடப் பெரிய தொழில் சாதனை என்ன இருக்கிறது? ஆனால் அந்த ஆண்டில் அவரை மேடையேற்ற எந்தச் சங்கத்துக்கும் துணிவு வந்திருக்காது.

நம் காலத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். நீதிபதி கே. சந்துரு, அவரும் இதே கல்லூரி மாணவர். ‘ஜெய் பீம்’ படம் 2021இல் வந்த பிறகு அவரைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அந்தப் படத்துக்கு அடிப்படையான சம்பவம் நடந்தது 1993இல். விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராசாக்கண்ணு திரும்பி வரவில்லை. அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது காவல் துறை. அவருடைய மனைவிக்காக ஆட்கொணர்வு மனு போட்டு, கட்டணம் வாங்காமல் வாதாடினார் சந்துரு. அப்போது அவர் நீதிபதி இல்லை, 2006இல்தான் நீதிபதியானார். அந்த வேலை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அதை யார் பாராட்டினார்கள்? பதவி வந்ததும் பேச்சு வந்தது, படம் வந்ததும் கூட்டம் வந்தது. 2013இல் ஓய்வு பெற்றபோது பிரிவு உபசார விழாவே வேண்டாம் என்று அவர் சொன்னதை நம் சங்கங்கள் பெருமையோடு எடுத்துச் சொல்கின்றன. அவர் ஏன் வேண்டாம் என்றார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், அடுத்த விழாவுக்கும் அதே நாற்காலிகளை அதே வரிசையில் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்றை மனதார ஒப்புக்கொள்கிறேன். சில பதவிகள் தனிமனிதரோடு நிற்பதில்லை. ஜோலார்பேட்டையில் பிறந்து, சென்னை சட்டக் கல்லூரியில் படித்து, மாவட்ட முன்சீப்பாகத் தொடங்கிய ஏ. வரதராஜன் 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி அவர். தலைமுறை தலைமுறையாகச் சாத்திக் கிடந்த கதவு அன்று திறந்தது. அதற்கு எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் தகும். அங்கேயும் நாம் பாராட்டுவது நாற்காலியை அல்ல. அங்கு போய்ச் சேர அவர் கடந்து வந்ததைத்தான்.

பதவியில் இருக்கும் நீதிபதியை வழக்கறிஞர்களே கௌரவிப்பதில் இன்னொரு கோளாறு உண்டு. நம்மவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. முன்னாள் மாணவர் சங்கத்தை நடத்துகிறவர்கள் யார்? அதே நீதிமன்றத்தில் தினமும் வழக்காடுகிறவர்கள். சனிக்கிழமை மாலை யாருக்குக் கேடயம் கொடுக்கிறார்களோ, திங்கள் காலை அவர் முன்னால்தான் நிற்கப் போகிறார்கள். எதிர்த்தரப்புக் கட்சிக்காரர் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? உச்ச நீதிமன்றம் 1997 மே மாதம் ஏற்றுக்கொண்ட நீதிபதிகளுக்கான நெறிகளில், வழக்கறிஞர்களோடு, அதிலும் தங்கள் நீதிமன்றத்திலேயே தொழில் செய்கிறவர்களோடு, நெருங்கிய உறவைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு விழா நடத்துவதாக நான் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இல்லாமலேயே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறோம், அதையே பெருமை என்றும் நினைக்கிறோம்.

இந்த மேடைக்கு வராதவர்கள் யார்? விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர்கள். சாட்சி பிறழாமல் காப்பது, ஆவணத்தைத் தேடிப் பிடிப்பது, வாய்தா மேல் வாய்தா விழுந்தாலும் கட்சிக்காரரை விட்டுவிடாமல் இருப்பது என்று ஒரு வழக்கின் உயிர் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பெயர் எங்கும் அச்சாவதில்லை. சட்டக் கல்லூரி தொடங்கிய அதே 1891இல்தான் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ வரத் தொடங்கியது. அதைப் போன்ற ஏடுகள் மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத்தான் வெளியிடும். அங்கே வாதாடியவர் பெயர்தான் நிலைக்கும். மூத்த வழக்கறிஞர் அந்தஸ்து கொடுக்க உச்ச நீதிமன்றம் 2017இல் கொண்டுவந்த மதிப்பெண் முறையிலும், வாதாடிய முக்கியத் தீர்ப்புகளும் கட்டணம் வாங்காமல் செய்த பணியும் ஒரே தலைப்பின் கீழ்தான் வந்தன. 2025இல் அந்த முறையையும் கைவிட்டார்கள். மேலூரிலோ அரூரிலோ முப்பது வருடம் குறுக்கு விசாரணை செய்தவருக்கு இந்தக் கணக்கு எதிலும் இடம் இருந்ததில்லை.

மேலவளவு வழக்கை நினைத்துப் பாருங்கள். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உள்ளூரில் விசாரணை நேர்மையாக நடக்காது என்பதால் வழக்கு சேலத்துக்குப் போனது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த நெடும் போராட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களோடு நின்றவர் மதுரை வழக்கறிஞர் பொ. ரத்தினம். சாட்சிகள் பயந்து ஊரைவிட்டுப் போகாமல், போனவர்கள் திரும்பி வந்து சாட்சி சொல்லும்படி செய்வது எவ்வளவு பெரிய வேலை! அதை எந்தச் சட்டப் புத்தகமும் கற்றுத் தராது. அந்த வழக்கின் தீர்ப்பைப் படிக்கிற சட்ட மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இன்னும் கீழே, சிறை வாசலுக்குப் போவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75 சதவீதத்துக்கும் மேல் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வராமலேயே உள்ளே கிடப்பவர்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் அவரைப் பிணைப் பத்திரத்தில் விட வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு. ஆனால் அந்தப் பிரிவு தானாக நடந்து போய்க் கைதியை வெளியே அழைத்து வராது. யார் எத்தனை நாள் உள்ளே இருக்கிறார் என்று கணக்குப் பார்த்து, மனு எழுதி, ஜாமீன்தாரரைத் தேடிப் பிடிக்க ஒருவர் வேண்டும். சட்ட உதவி மையத்தின் சொற்பத் தொகைக்கு இதைச் செய்கிறவர்களில் பலர் அரசு சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள். “சேவை” என்று விருதின் பெயரிலேயே எழுதி வைக்கிறோமே, அதற்கு இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

நீதிபதிகளைப் பார்த்துத்தான் மாணவர்களுக்கு ஊக்கம் வரும் என்பார்கள். எதற்கான ஊக்கம்? சென்னையில் இந்தக் கேள்விக்கு இப்போது முன்பைவிடக் கனம் கூடியிருக்கிறது. ஒரு காலத்தில் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. வகுப்பு முடிந்த மாணவர் நாலு எட்டு வைத்தால் வழக்கு நடப்பதைப் பார்க்கலாம். 2018இல் கல்லூரி பட்டறைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்விட்டது. நீதிமன்றம் மாணவரின் கண்ணிலிருந்து விலகிவிட்டது. இனி தொழில் என்றால் என்ன என்று அவர் பெரிதும் தெரிந்துகொள்ளப் போவது விழா மேடையில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான். வீட்டில் முதல் முறையாகச் சட்டம் படிக்கும் ஒரு பெண், அந்த மேடையில் எல்லோருமே மாண்புமிகுக்களாக இருப்பதைப் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவார்? ஒன்று, தனக்கு இந்தத் தொழிலில் இடமில்லை என்று. அல்லது, இடம் வேண்டுமானால் பெரிய இடத்து ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்று. இரண்டையும் நாம்தான் கற்றுத் தருகிறோம்.

முன்னாள் மாணவர்களால் கல்லூரிக்கு ஆகக்கூடிய உதவி அரங்கம் கட்டித் தருவது மட்டுமல்ல. கவுன் மாட்டிய முதல் வருடத்தில் சம்பளமில்லாமல் கட்டு சுமந்து, அறை வாடகை கட்ட வழியின்றி ஊர் திரும்பும் ஜூனியர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. யாரும் உத்தரவு போடுவதற்கு முன்பே, சிபாரிசு இல்லாமல் வந்த பிள்ளைகளைச் சேர்த்துச் சம்பளம் கொடுத்துத் தொழில் கற்றுத் தந்த சீனியர்கள் ஊருக்கு ஓரிருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை போட்டால் மற்ற சீனியர்களும் அதைப் பார்ப்பார்கள்.

விருதுக் குழுக்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். பாராட்டுப் பத்திரத்தை முதலில் எழுதுங்கள். அதில் எந்தப் பதவியின் பெயரும் வரக்கூடாது. அவர் யாருக்காக நின்றார், எதை மாற்றினார், யாரை வளர்த்தார் என்று மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கம் நிரம்பினால் விருதைக் கொடுங்கள், அவர் நீதிபதியாகவே இருந்தாலும். கிருஷ்ணய்யருக்கு அந்தப் பக்கம் போதாது.

ஆளைத் தேட சென்னையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். விருத்தாசலம், மேலூர், அரூர் நீதிமன்றங்களுக்கு ஒருவரை அனுப்புங்கள். காசில்லாமல் வருகிறவரை யாரிடம் அனுப்பி வைப்பீர்கள் என்று குமாஸ்தாக்களிடமும் நீதிமன்ற வாசலில் மனு எழுதுகிறவர்களிடமும் சட்ட உதவி மைய ஊழியர்களிடமும் கேளுங்கள். திரும்பத் திரும்ப ஒரே பெயர் வரும். அவரை அழைத்து வந்து, வாழ்த்துரைகளைக் குறைத்து, தான் நடத்திய ஒரே ஒரு வழக்கை முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரை மாணவர்களுக்குச் சொல்ல ஒரு மணி நேரம் கொடுங்கள். மாணவர்கள் கேள்வி கேட்க இன்னொரு மணி நேரம். நீதிபதிகளும் வரட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.