அணைந்த உலையும் அழியாத ஏடுகளும்



இரும்பு எங்கிருந்து வருகின்றது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 'பூமியிலிருந்து' என்பார்கள். பூமி தருவது தாதுக்கல்லை மட்டுமே. அதனை இரும்பாக்குவது நெருப்பும் மனித உழைப்புமாகும். இதனைக் கண்கூடாகக் காட்டும் இடமொன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ளது. அதுதான் ஹோப்வெல் உலை.

1771ஆம் ஆண்டு மார்க் பேர்ட் என்பவர் இதனை நிறுவினார். சுமார் 30 அடி உயரமுள்ள கற்கோபுரம் அது. மேட்டை ஒட்டிக் கட்டியதால் தாது, மரக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை மேலிருந்தே உலையின் வாயில் கொட்ட முடிந்தது. நீர்ச்சக்கரத்தின் விசையால் காற்று உள்ளே ஊதப்பட்டது. உருகிய இரும்பு அடியில் தங்கும். சுண்ணாம்பு அழுக்கைப் பற்றிக்கொண்டு கசடாக மிதக்கும். அந்த இரும்பை மணல் அச்சுகளில் பாய்ச்சி அடுப்புகள் வார்த்தனர்; அமெரிக்க விடுதலைப் போரின்போது பீரங்கிகளும் வார்த்தனர்.

இத்தகைய உலை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் காட்டை விழுங்கும் என்பர். கரி சுடுவோர் விறகைக் குவித்து, இலையும் மண்ணும் மூடித் தீயிட்டு, காட்டிலேயே குடிசை போட்டு இரவு பகலாகக் காவல் இருந்தனர். சற்றே கண்ணயர்ந்தால் தீ சீறியெழும். விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும்.

புதிய தொழில்முறைகளோடு போட்டியிட இயலாமல் 1883இல் இவ்வுலை அணைந்தது. 1938இல் அமெரிக்க அரசு இதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்துக் காத்து வருகின்றது. வெட்டப்பட்ட காடும் சுற்றிலும் மீண்டும் தழைத்துவிட்டது.

கல்லைப் போலவே கணக்கேடுகளும் அங்கே எஞ்சியுள்ளன. கறுப்பினத் தொழிலாளரும் பெண்களும் பெற்ற கூலி அவற்றில் பதிவாகியிருக்கின்றது. ஆனால் தொடக்க காலத்தில் மார்க் பேர்ட் அடிமைகளையும் வேலை வாங்கினார். கூலியே பெறாதவனுக்குக் கூலிக் கணக்கில் இடம் ஏது? உலையைப் பார்த்து வியப்பவர்கள் இந்த வெற்றிடத்தையும் பார்க்க வேண்டும்.

வாசகர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டனாரின் கடைக் கணக்கோ வயல் கணக்கோ கிடக்கலாம். அதனைப் பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடுமுன் பிள்ளைகளோடு அமர்ந்து புரட்டிப் பாருங்கள். யாருடைய கூலி எழுதப்பட்டிருக்கின்றது, யாருடையது விடுபட்டிருக்கின்றது என்று தேடுங்கள். நம் குடும்பங்கள் யார் யாருடைய வியர்வையில் நிமிர்ந்தன என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.