அவர் உங்களுக்கு என்ன முறை?



எம்மில் பலருக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் இருந்த மாஸ்டரின் 31ஆம் நாள் நினைவுத் திருப்பலி சென்ற ஞாயிறன்று நிறைவேறியது. அவரை அறியாத புதிய குடும்பங்களையும் மனதில் கொண்டே இதனை எழுதுகின்றோம். இத்தகைய இழப்பு ஜேர்மனியில் வாழும் எம் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் வரத்தான் செய்யும்.

நாம் வந்திறங்கிய காலத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எம்முடன் கூட வந்தவர் அவர். படிவத்தைத் தானே நிரப்பித் தரமாட்டார். பக்கத்தில் இருந்து எம்மைக் கொண்டே நிரப்புவிப்பார். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் கேவெலார் மாதா யாத்திரைக்கு பஸ் ஒழுங்கு செய்வார். ஞாயிறு பிற்பகல்களில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் தமிழும் சொல்லிக் கொடுத்தார். ஊரில் தாய் தகப்பன் இறந்த செய்தி வந்து, போக வழியின்றி நாம் அறைக்குள் முடங்கிக் கிடந்தபோது, செபமாலையுடன் வந்து பக்கத்தில் இருந்தவரும் அவரே.

அவருடைய அடக்கத்துக்குப் போக லீவு கேட்டபோது, எம்மில் சிலரிடம் வேலைத்தலத்தில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "அவர் உங்களுக்கு என்ன முறை?" இங்கு பெரும்பாலான இடங்களில் சம்பளத்துடன் துக்க லீவு கிடைப்பது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுகளுக்கே. நண்பருக்கு என்றால் எமது சொந்த லீவில்தான் போக வேண்டும். நடைமுறை அதுதான், ஆயினும் அந்தக் கேள்வி மனதில் தைத்தது. எம்மவரிலும் சிலர், "சொந்தக்காரரா, இவ்வளவு அழுவதற்கு?" என்றும், "விசுவாசம் உள்ளவர்கள் இப்படி அழலாமா?" என்றும் கேட்டனர்.

இவ்விரு கேள்விகளுக்கும் யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் பதில் உண்டு. லாசர் இயேசுவின் நண்பர். அவரை அடக்கம் செய்து நான்கு நாட்கள் ஆன பின்னரே இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். நண்பரை உயிருடன் எழுப்பப் போவது அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அழுகிறார். ஏன் முன்னரே வரவில்லை என்ற ஆதங்கத்துடன் மார்த்தாவும் மரியாவும் பேசியபோது அவர்களைக் கடிந்துகொள்ளவுமில்லை. ஆகவே நண்பருக்காக அழுவது அவிசுவாசம் அல்ல.

புனித பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் திருமுகம் கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டியது. அதுவும் எம்மைப் போல் புதிதாகக் கூடிய ஒரு சிறிய சமூகம். தம்மவர் சிலர் இறந்துபோக அவர்கள் கலங்கி நின்றனர். துக்கப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லாதோரின் துக்கமாக அது ஆகிவிடக் கூடாது என்றே விளக்கினார். மாஸ்டரை மீண்டும் காண்போம் என்று நாம் நம்புகின்றோம். அதுவரை அவரது கதிரை வெறுமையாகத்தான் இருக்கும். நம்பிக்கை அந்த வெறுமையை மறைத்துவிடுவதில்லை. அதைத் தாங்கிக்கொள்ளப் பலம் தருகிறது.

இன்னொரு விடயம். ஊரில் சேமக்காலையில் பாட்டன் பூட்டன் கல்லறையும் அப்படியே இருக்கும். இங்கு கல்லறை நிலம் குறிப்பிட்ட காலத்துக்கே தரப்படுகிறது. பல நகரங்களில் சுமார் 20 ஆண்டுகள். அதன்பின் பணம் கட்டிப் புதுப்பிக்க முடியாவிட்டால் நிலம் வேறொருவருக்குப் போகலாம். இதைக் கேட்டு மாஸ்டரின் துணைவியார் கலங்கினார். அவருக்கு நாம் சொன்னது இதுதான்: எமது நம்பிக்கை கல்லறை நிலத்தில் தங்கியிருக்கவில்லை. ஆனாலும் அந்த நிலம் உள்ளவரை அங்கு விளக்கேற்றுவது எமது கடமை.

நவம்பர் 1ஆம், 2ஆம் திகதிகளில் இந்நாட்டுக் கத்தோலிக்கரும் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். புரட்டஸ்தாந்து சபையினருக்கு ஆகமன காலத்துக்கு முந்திய கடைசி ஞாயிறு இறந்தோர் நினைவுநாள். 1816இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெட்ரிக் வில்ஹெல்ம் ஏற்படுத்தியது அது. அந்நாட்களில் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கு எவரும் உங்களிடம் முறை கேட்கமாட்டார்கள்.

மாஸ்டர் செய்த வேலைகளை ஒருவரே செய்ய இயலாது. அலுவலகத்துக்குக் கூடச் செல்ல இருவரும், யாத்திரை பஸ்ஸுக்கு ஒருவரும் முன்வந்துள்ளனர். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு வரும் வாரம் முதல் வழமைபோல் பிற்பகல் 3 மணிக்கு நடைபெறும். பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.