அளந்து போடும் கடமை

"ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. கொடுப்பதைத் தடுப்பதற்காக அவர் இதனைக் கூறினாரல்லர். கொடுத்தது எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எங்கே என்பதைக் கொடுத்தவன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே கூறினார். கோயில் உற்சவம் முடிந்த கையோடு உபயகாரர் கூடிக் கணக்குக் கேட்பது நம் ஊர் வழக்கம். கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே வரவு செலவில் நூறு ரூபா துண்டு விழுந்தாலும் எழுந்துநின்று வினவுபவன் நம் கமக்காரன். அத்தகைய மக்கள், கோடிக்கணக்கான ரூபா ஆண்டுதோறும் புழங்கும் நம் பல்கலைக்கழகத்தின் கணக்கைப்பற்றி மட்டும் வாய் திறவாதிருப்பதேன்?

இவ்வினாவை எழுப்பியதும் நம்மவருட் சிலர் முகஞ் சுளிப்பர் என்பதை நாம் அறிவோம். "எத்தனையோ இடரைத் தாண்டி நிமிர்ந்த நிறுவனம், அதன் குறைகளை நாமே வெளியிற் பேசலாமா? கொழும்பிலிருந்து வரும் கணக்காய்வாளருக்கு நாமே துணைபோகலாமா?" என்பர். இவ்வாறு கூறுவோரின் பற்றுதலை நாம் ஐயுறவில்லை. ஆயின், அவர்தம் வாதம் முழுவதும் தவறானது என்பதை எடுத்துக்காட்டுவதே இன்று நம் நோக்கம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எவருடைய தனிச்சொத்துமன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியிலே நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில், 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாக அது தோன்றிற்று. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் 1979 சனவரி முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1995 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அதுவும் இடம்பெயர்ந்து மீண்டது. போருக்குப் பின் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் எழுந்துள்ளன. ஒரு பெருமகன் அறக்கொடையாகத் தந்த நிலத்திலே மக்களின் வரிப்பணத்தால் வளர்ந்த கல்விக்கூடம் அது. 2024 சனவரியிலே பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டாக உயர்ந்தபோது, கடையிற் பொருள் வாங்கிய ஏழை விவசாயியும் அவ்வரியைக் கொடுத்தே தீர்ந்தான். தன் பிள்ளை பல்கலைக்கழகத்துட் புகுந்தானோ இல்லையோ, அவன் அதன் உபயகாரன். உபயகாரனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

இவ்வுரிமையைச் சட்டம் எங்ஙனம் பேணுகின்றது என்பதைப் பார்ப்போம். பல்கலைக்கழகத்தின் கணக்கீட்டு உத்தியோகத்தர் துணைவேந்தரே. நிதியைக் காத்துக் கணக்குப் பதிபவர் நிதியாளர். ஆளும் அதிகாரம் பேரவைக்குரியது. அப்பேரவையிலே உள்ளிருந்து வரும் உறுப்பினரைக் காட்டிலும் வெளியிலிருந்து நியமிக்கப்படுவோர் ஒருவர் மிகுந்திருத்தல் வேண்டும் எனச் சட்டம் வகுத்துள்ளது. இந்த ஒருவர் மிகுதி தற்செயலானதன்று. வைத்தியர், வழக்கறிஞர், வணிகர், நிருவாகிகள் முதலானோர் மேசையைச் சுற்றி அமர்ந்து மக்கள் சார்பிலே வினவுதல் வேண்டும் என்பதே சட்டமியற்றியோர் கருத்து. நம் வாசகருட் பலர் அத்தொழில்களைச் சேர்ந்தவர். அந்நியமனத்தை மாலை மரியாதையாகக் கருதுவோர், கூட்டத்திற் கையொப்பமிட்டுத் தேநீர் அருந்தித் திரும்புவோர், தம் பொறுப்பைக் கைவிட்டவராவர் என்பதைக் கூச்சமின்றிச் சொல்லுகிறோம்.

உள்ளே பேரவையும் உள்ளகக் கணக்காய்வும் இருக்க, வெளியே நிற்பவர் கணக்காய்வாளர் நாயகம். 1799 இல் தொடங்கிய இப்பதவிக்கு அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரை அதிகாரம் அளிக்கின்றது. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அவ்வதிகாரத்துக்குப் பல்லும் நகமும் கொடுத்தது. செலவுக்குப் பற்றுச்சீட்டு உண்டா என்பதோடு ஆய்வு நின்றுவிடுவதில்லை. சிக்கனமாகச் செலவிடப்பட்டதா, செலவிட்டதாற் பயன் விளைந்ததா என்பவற்றையும் அவர் பார்த்தல் கூடும். வாங்கிய இயந்திரம் பெட்டி திறவாமற் கிடந்தால், பற்றுச்சீட்டு எவ்வளவு செம்மையாயிருப்பினும் அது குறையே. மோசடியாலோ கவனயீனத்தாலோ நட்டம் நேர்ந்தால், அதனைப் பொறுப்பானவரிடமிருந்தே அறவிடுவதற்கும் அச்சட்டம் வழி செய்துள்ளது.

ஆய்வு முடிந்தபின் அவர் தரும் அபிப்பிராயம் நால்வகைப்படும். கணக்கு உண்மையும் நியாயமுமான தோற்றத்தைத் தருகின்றது என்பது முதலாவது. இன்னின்ன குறைகள் நீங்கலாகச் சரி என்பது இரண்டாவது. கணக்கு பிழையானது என்பது மூன்றாவது. சான்றுகள் போதாமையால் அபிப்பிராயமே கூற இயலாது என்பது நான்காவது. நான்காவது வகையைச் சிலர் இலேசாகக் கருதுவர். உண்மையில், சாட்சியைக் கூண்டில் ஏற்றியபோது அவர் வாய் திறவாது நின்றமைக்கு அது ஒப்பாகும். அறிக்கை பாராளுமன்றத்துக்குச் சென்றபின், பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு துணைவேந்தரையும் உத்தியோகத்தரையும் அழைத்து விசாரிக்கலாம். கணக்காய்வு ஓர் அவமதிப்பன்று. மக்களாட்சி நாட்டிலே ஒவ்வொரு பொதுநிறுவனமும் கடந்து செல்ல வேண்டிய வாயில் அது.

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பற்றிய அறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு விடயத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். விரிவுரையாளர் ஒருவர் சம்பளத்துடன் கல்வி விடுமுறை பெற்று வெளிநாடு செல்கிறார். பட்டம் பெற்றபின் இத்தனை ஆண்டு திரும்பிவந்து சேவை செய்வேன், தவறின் பணத்தைத் திருப்பித் தருவேன் எனப் பிணைமுறி எழுதிக் கொடுக்கிறார்; அவருக்காக வேறு சிலர் பிணை நிற்கின்றனர். பின்னர் அவர் திரும்புவதில்லை. முதலாண்டு கடிதம் போகின்றது; இரண்டாமாண்டு நினைவூட்டல் போகின்றது; பின்னர் அத்தொகை "வரவேண்டியவை" என்ற தலைப்பின்கீழ் ஆண்டுக்காண்டு பெயர்த்தெழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. சட்டந் தெரிந்தவர் ஒன்றை அறிவர். வழக்குத் தொடரும் உரிமைக்கும் காலவரையறை உண்டு; 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறங்குவோனுக்கு இரங்குவதில்லை. காலங் கடத்துவது கடனை மன்னிப்பதற்குச் சமம். மன்னிக்கும் அதிகாரம் எவருக்குமில்லாதபோது மன்னிப்பு நடந்தேறிவிடுகின்றது!

2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் கற்றோர் பலர் நாட்டைவிட்டுச் சென்றமை யாவரும் அறிந்ததே. சென்றோரைத் துரோகிகள் என நாம் தூற்றமாட்டோம். ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நெருக்கடி உண்டு. ஆயின், அயல்நாட்டில் உழைப்பவர் தவணை முறையிலேனும் அக்கடனைத் தீர்க்கலாகாதா? அவர் தீர்க்காவிடில் சுமை எவர் தலையில் விழுகின்றது? பிணைநின்ற சக ஆசிரியர் தலையிலும், வெற்றிடம் நிரப்பப்படாத வகுப்பிலே அமர்ந்திருக்கும் மாணவன் தலையிலும் அன்றோ?

நன்கொடைகளுக்கும் இஃது பொருந்தும். கடல் கடந்து வாழும் நம்மவர் பெற்றோர் பெயராற் புலமைப்பரிசில் நிறுவுவதும், பழைய மாணவர் நிதி திரட்டுவதும் பெருமைக்குரியன. கொடுத்தவர் குறித்த நோக்கத்துக்கன்றி வேறொன்றுக்கு அப்பணத்தைத் தொடுதல் நம்பிக்கைப் பொறுப்பை மீறுவதாகும். ஒவ்வொரு கொடைக்கும் தனிக் கணக்கு, ஆண்டுக்கொரு விவரம் என்ற ஒழுங்கு இருக்குமாயின் ஒரு கொடை பத்துக் கொடையை அழைத்து வரும். அவ்வொழுங்கு இல்லையேல் ஒரு வதந்தி பத்துக் கொடையைத் துரத்திவிடும்.

இனி, கணக்காய்வு கல்விச் சுதந்திரத்தைக் கெடுத்துவிடும் என்போருக்கு ஒரு மறுமொழி. பிரித்தானியாவிலே 1919 இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைந்த காலந்தொட்டு, அரச கணக்காய்வாளர் பல்கலைக்கழக ஏடுகளைத் தொடலாகாது என்ற வழக்கமே நிலவியது. 1967 இல் அவ்வழக்கம் நீக்கப்பட்டபோது எழுந்த அச்சமும் இதுவே. ஏடுகள் திறக்கப்பட்டன, ஆராய்ச்சி அழிந்துவிடவில்லை. இதற்கு மறுதலையான காட்சியைத் தமிழ்நாட்டிலே கண்டோம். 1857 இல் தோன்றிய பழம்பெருமை மிக்க சென்னைப் பல்கலைக்கழகத்திலே தணிக்கைத் தடைகள் ஆண்டுக்கணக்கில் தீர்க்கப்படாது குவிந்தன. அரசு மானியம் சுருங்கிற்று. 2024 பெப்ரவரியில் வருமானவரித் திணைக்களம் அதன் வங்கிக் கணக்குகளை முடக்கிற்று. தீராத கணக்கின் சுமை சம்பளக்காரரையும் ஓய்வூதியக்காரரையுமே வந்தழுத்தும். சுதந்திரத்தைக் கெடுப்பது கணக்கன்று, கணக்கின்மையே.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கப்போவதில்லை. ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருள் வாங்க விலைமனுக் கோரி, குழு கூடி, அனுமதி வந்து சேருவதற்குள் பருவம் முடிந்துவிட்டால், பயிர்நோயை ஆராயும் விவசாய பீடத்தால் நம் வெங்காயக் கமக்காரனுக்கு என்ன பயன்? விதிகள் திருடனைப் பிடிக்க இயற்றப்பட்டவை. நேர்மையாளனைக் கட்டிப்போட அல்ல. திறைசேரி ஆண்டிறுதியிலே பணத்தை விடுவித்துவிட்டு, ஏன் அவசரமாகச் செலவிட்டாய் எனக் கேட்பதும் முறையன்று. கணக்காய்வாளருக்கும் இஃதே நிலை. 2015 இல் அமைந்த கணக்காய்வுச் சேவை ஆணைக்குழு 2020 இல் இருபதாந் திருத்தத்தால் ஒழிக்கப்பட்டு, 2022 இல் இருபத்தோராந் திருத்தத்தால் மீட்கப்பட்டது. 2025 ஏப்ரலிலே கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்றபின், நிரந்தர நியமனமின்றி மாதங்கள் பல கழிந்தன. பிறரிடம் ஒழுங்கு கேட்கும் அரசு, முதலிற் காவற்காரனின் நாற்காலியை வெறுமையாக விடாதிருத்தல் வேண்டும். வேலி இல்லாத தோட்டத்துக்குப் பட்டி மாட்டை மட்டும் நோவதிற் பயனில்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஆண்டறிக்கையும் கணக்காய்வு அறிக்கையும் காலந் தாழ்த்தாது தமிழில் மக்கள் கைக்கு எட்டுதல் வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஒரு பிரதி கிடைத்தல் வேண்டும். தீர்க்கப்படாத கணக்காய்வு வினாக்கள் எவை, எத்தனை ஆண்டுப் பழைமையுடையன என்ற அட்டவணையைப் பேரவை ஒவ்வோராண்டும் வெளியிடுதல் வேண்டும். பிணைமுறிக் கடன்களுக்குத் தவணை வசதி அளித்து, அதற்கும் இணங்காதார்மீது காலங் கடவாமுன் வழக்குத் தொடர்தல் வேண்டும். கொடை நிதிகள் தனித்தனியே கணக்கிற் காட்டப்படல் வேண்டும்.

இவை நடைபெறும்வரை மக்கள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும். எழுத்திலே கேட்டால், தகவல் உத்தியோகத்தர் பதினான்கு வேலை நாட்களுள் தம் முடிவைக் கூறவேண்டியவர். மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் வழியுண்டு. வழக்கறிஞரும் கணக்காளரும் ஊர்ச் சங்கங்களுக்கு இவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பார்களாக. கமக்காரர் தயங்காது கையொப்பமிடுவார்களாக. பகைவராக அன்று, உபயகாரராகக் கேட்போம். நம் கல்விக்கூடத்தின்மீது பிறர் குற்றஞ் சாட்டுமுன் நாமே அதன் கணக்கை வெளிச்சத்தில் வைப்போமாயின், அதன்மேற் கைவைக்க எவரும் துணியார்.