ஸ்தோத்திரம் சொல்ல ஒரு ஏழை வேணுமா?

கொஞ்சம் கோவமாத்தான் எழுதப்போறேன். முதல் கோவம் என் மேலதான், அதனால யாரும் பாதியிலயே சண்டைக்கு வந்துடாதீங்க. முழுசாப் படிச்சிட்டு வாங்க :-)

எங்க வீட்டுல ரெண்டு வாண்டு. பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு நாலரை. ஊரு நாசரேத் பக்கம், பொழப்பு ஹைதராபாத். வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி நாலு பேரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒண்ணுன்னு அன்னைக்கு நடந்த நல்ல விஷயத்தைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணணும். எங்க அப்பா காலத்துப் பழக்கம். தங்கமணி வீட்டுலயும் இது உண்டு. அதனால எங்களுக்குள்ள சண்டை வராத ஒரே விஷயம் இதுதான்.

சரி, மேட்டருக்கு வர்றேன். சின்னவனுக்குக் கத்திரிக்காயைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் தட்டைத் தள்ளி விட்டுட்டு ஒரே அழுகை. ஆபீஸ்ல அன்னைக்கு எனக்கும் நல்ல மண்டகப்படி. பொறுமை போயிடுச்சு. "கீழ செல்லார்ல இருக்கிற பாப்பாவப் பாரு. அவளுக்கு இந்தக் கத்திரிக்காய் கூட கிடையாது. உனக்கு இயேசப்பா எவ்வளவு கொடுத்திருக்காரு! ஸ்தோத்திரம் சொல்லிட்டு ஒழுங்கா சாப்பிடு"ன்னு ஒரு சத்தம் போட்டேன்.

செல்லார்னா கார் நிறுத்துற கீழ்த்தளம், ஹைதராபாத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் குடும்பம் அங்கதான் ஒரே ரூம்ல இருக்கு. மகபூப்நகர் பக்கத்துல இருந்து வந்தவங்க. அந்த வாட்ச்மேனோட மனைவிதான் எங்க வீட்டுல பாத்திரம் கழுவுறாங்க. அவங்க பொண்ணுக்கு ஆறு வயசு. சின்னவனும் அவளும் சாயங்காலமானா செல்லார்ல ஒரே சைக்கிளை மாத்தி மாத்தி ஓட்டுவாங்க.

என் பிரசங்கம் வேலை செஞ்சுது. அழுகை நின்னுது, கத்திரிக்காய் உள்ள போச்சு. அடடா, நானும் நல்ல தகப்பன்தான்னு நினைச்சுக்கிட்டேன். மறுநாள் ராத்திரி சின்னவன் முறை வந்தப்போ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஜெபிச்சான்: "இயேசப்பா, என்னை செல்லார் பாப்பா மாதிரி வைக்காததுக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதை எழுத முடியாது.

அதோட முடியலை. ரெண்டு மூணு நாளா அவன் சைக்கிளோட கீழ போகலை. ஏன்டான்னு கேட்டா, "அவ பாவம்ப்பா, அவகூட நான் விளையாட மாட்டேன்"ங்கிறான். அதையே அந்தப் பொண்ணுகிட்டயும் தெலுங்குல சொல்லியிருக்கான், அவ அம்மா பக்கத்துல நிக்கும்போது. நான் போய் மன்னிப்பு கேட்டப்போ அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "பர்வாலேது சார், சின்ன பில்லகாடு கதா"ன்னாங்க. சின்னப் பையன்தானே, பரவாயில்லைன்னு அர்த்தம். சின்னப் பையன்தான். ஆனா அந்த வார்த்தை அவனுது இல்லையே, என்னோடது.

லூக்கா 18ஆம் அதிகாரத்துல ரெண்டு பேர் தேவாலயத்துக்கு ஜெபம் பண்ணப் போற கதை நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். ஞாயிறு பள்ளியில படம் வரைஞ்சு கலர் அடிச்சிருக்கோம். பரிசேயனைப் பார்த்து சிரிச்சும் இருக்கோம். ஆனா அந்தப் பரிசேயன் ஜெபம் எதுல ஆரம்பிக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பெருமையில இல்ல, நன்றியில. அடுத்தவங்களை மாதிரி நான் இல்லைங்கிறதுக்குத்தான் அவன் நன்றி சொல்றான், பின்னாடி நிக்கிற ஆயக்காரனையும் சாட்சிக்கு இழுத்துக்கிட்டு. எங்க வீட்டு நாலரை வயசுப் பரிசேயனை உருவாக்கினது சாட்சாத் நான்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டும்னா நாலு சுவத்துக்குள்ள வச்சிருப்பேன். சும்மா காதைத் திறந்து வச்சுக் கேளுங்க. சிக்னல்ல கண்ணாடியைத் தட்டுற குழந்தையைப் பார்த்ததும் காருக்குள்ள என்ன பேசுறோம்? "பாரு, உனக்கு எவ்வளவு கொடுத்து வச்சிருக்கு." அநாதை இல்லத்துல பர்த்டே கொண்டாடிட்டு வர்ற வழியில? அதேதான். சாட்சி நேரத்துல எழுந்து நிக்கிறவங்க சொல்றதுல பாதி, "எத்தனையோ பேருக்கு இல்லாததை எனக்குக் கொடுத்தார்". நம்ம ஸ்தோத்திரத்துக்கு எப்பவும் ஒரு ஏழை தேவைப்படுது.

நான் கேக்குறது ஒரே கேள்வி. செல்லார் பாப்பாவுக்கு நாளைக்கே நல்ல வீடும் நல்ல ஸ்கூலும் கிடைச்சிடுச்சுன்னா, நம்ம ஸ்தோத்திரம் தீர்ந்து போயிடுமா? தீர்ந்து போகும்னா அது நன்றியே இல்ல, பந்தயத்துல ஜெயிச்சவன் போடுற கொண்டாட்டம். இன்னொண்ணு, 'எனக்குக் கொடுத்தார்'ங்கிறதை 'அவளுக்குக் கொடுக்கலை'ங்கிறதோட சேர்த்துச் சொன்னா, கடவுளைப் பத்தி பிள்ளை என்ன கத்துக்கும்? ஆள் பார்த்துக் கொடுக்கிறவர்னுதானே?

"அப்போ பிள்ளைக்கு அருமை எப்படித் தெரியும்?"னு தங்கமணியோட அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அருமை தெரியணும்னா இல்லாதவனைக் காட்ட வேண்டாம், வந்த வழியைக் காட்டுங்க. இங்க 1999ல இருந்து ரைத்து பஜார்னு ஒண்ணு நடக்குது. விவசாயிங்க இடைத்தரகர் இல்லாம நேரா கொண்டு வந்து விக்கிற சந்தை. சின்னவனைக் குகட்பள்ளி ரைத்து பஜாருக்குக் கூட்டிட்டுப் போனேன். கத்திரிக்காய் விக்கிற தாத்தாகிட்ட, எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்கன்னு கேட்டான். ராத்திரி ரெண்டு மணிக்குன்னார் அவர். அன்னைக்கும் அவன் கத்திரிக்காய் சாப்பிடலை, அது வேற விஷயம் :-) ஆனா தட்டைத் தள்ளலை.

தமிழ்லயே இதுக்குப் பாடம் இருக்கு. 'நன்றி'ங்கிற சொல்லுக்குப் பழைய தமிழ்ல 'தேங்க்ஸ்'னு அர்த்தம் கிடையாது. நல்லது, ஒருத்தர் செஞ்ச உதவி, அதுதான் நன்றி. நாம செய்ய வேண்டியது அதை அறியறது. திருக்குறள்ல 11ஆவது அதிகாரத்துக்குப் பேரே செய்ந்நன்றி அறிதல். வள்ளுவர் அதை இல்லறவியல்ல வச்சிருக்கார், துறவறத்துல இல்ல. செஞ்சது யாருன்னு அறியாம வெறும் வாயால சொல்றதுக்கு அங்க இடமே இல்ல.

அடுத்து, "அவங்களுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறோமே, நன்றி வேற எதுக்கு?"ன்னு ஒரு கோஷ்டி. ஐயா, நமக்கும்தான் கம்பெனி சம்பளம் கொடுக்குது. அப்ரைசல்ல மேனேஜர் ஒரு நல்ல வார்த்தை சொல்லலைன்னா நாம ஒரு வாரம் புலம்புறோமா இல்லையா?

2023 தொடக்கத்துல ஹைதராபாத் அபார்ட்மென்ட் ஒண்ணுல ஒட்டியிருந்த அறிவிப்பு இணையத்துல படமா சுத்துச்சு. வீட்டு வேலை செய்றவங்களும் டெலிவரி கொண்டு வர்றவங்களும் மெயின் லிஃப்ட்ல ஏறினா 300 ரூபாய் அபராதம்னு. எல்லாரும் கொதிச்சோம், நானும்தான். எங்க அபார்ட்மென்ட்ல அப்படி எழுதி ஒட்டலை. ஆனா எழுதாமலே எல்லாருக்கும் தெரியும், அந்தம்மா படியிலதான் ஏறி வருவாங்க. சாப்பாட்டுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ற அதே மேஜைக்கு, அந்தத் தட்டைக் கழுவுற கை படியேறித்தான் வரணும்.

ஒரு லீவு நாள்ல மேதக் போனோம். இங்க இருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். அங்க இருக்கிற கதீட்ரலை 1914ல ஆரம்பிச்சு பத்து வருஷம் கட்டினாங்க. 1924 டிசம்பர் 25ல பிரதிஷ்டை. கோபுரம் சுமார் 175 அடி. ஜன்னல் கண்ணாடி ஓவியத்துல வெயில் படும்போது பிள்ளைங்க வாயைப் பிளந்துட்டாங்க. பஞ்ச காலத்துல பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வேலையும் சாப்பாடும் கொடுத்து, சார்ல்ஸ் வாக்கர் போஸ்னெட்ங்கிற மிஷனரி கட்டினார்னு பெரியவளுக்குச் சொன்னேன். அவ யோசிச்சிட்டு, "ஏன்ப்பா, சாப்பாட்டைச் சும்மாவே கொடுத்திருக்கலாம்ல?"ன்னா.

பிச்சையா வாங்காம உழைச்சு வாங்கினாங்க, அதுல ஒரு மரியாதை இருந்துச்சுன்னு ஏதோ சமாளிச்சேன். ஓரளவுக்கு உண்மையும்தான். ஆனா அவ விடலை. "அப்போ கட்டினது அவங்கதானே? நீங்க ஏன் ஒருத்தர் பேர் மட்டும் சொன்னீங்க?" போஸ்னெட் நல்லது செஞ்சவர், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா கல் சுமந்தவங்களை 'பஞ்சத்துல அடிபட்ட ஜனங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டு, அங்க நின்னு நாம ஸ்தோத்திரம் பண்றோம். நான் வேலை பார்க்கிற கச்சிபௌலி பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் இதே கதைதான். எந்த ஊர்லயோ இருந்து வந்து சாரம் கட்டினவங்க தகரக் கொட்டகையில தங்கி முடிச்சுக் கொடுத்துட்டு அடுத்த சைட்டுக்குப் போயிட்டாங்க.

எங்க ஆச்சி உலையில போட அரிசி அளக்கும்போது முதல்ல ஒரு பிடி எடுத்து வேற டப்பாவுல போடுவாங்க. ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்குப் போகும். மிசோரம் பெண்கள் 1910ல இருந்து இதையே பெரிய அளவுல செய்றாங்க, புஃபாய் தாம்னு பேரு. எங்க ஊர்ப்பக்கம் அசனப் பண்டிகையில வீடு வீடா அரிசியும் பணமும் சேர்த்து, ஊரே ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடும். எல்லாக் கோயில்லயும் எல்லாரும் ஒரே பந்தியில உட்கார்ந்தாங்கன்னு நான் கதை விட மாட்டேன், நம்ம சபைகளோட ஜாதிக்கணக்கு எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பழக்கம் சொல்ற சங்கதி சரி. நன்றின்னா நம்ம பானையில ஒரு பிடி குறையணும், பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் விடணும். 'அவனுக்கு இல்ல'ன்னு பார்த்துட்டு ஆமென் போட்டுட்டு எழுந்திரிக்கிறது நன்றி ஆகாது.

ஊரை விட்டு வந்த நமக்கு இது இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணும். உபாகமம் 26ல முதற்பலன் கூடையோட வர்றவன் அறிக்கையா சொல்ல வேண்டியதே, தன் தகப்பன் நாடோடியா அலைஞ்சவன்ங்கிறதைத்தான். முடிவுல, வீட்டுல இருக்கிற பரதேசியையும் சேர்த்துக்கிட்டு சந்தோஷப்படணும்னு கட்டளை. எங்க தாத்தா பனையேறி. காய்ச்சுப்போன நெஞ்சும், தழும்பேறின முழங்காலும். அவரைக் காட்டி எத்தனை வீட்டுல "படிக்கலைன்னா இவனை மாதிரி ஆயிடுவே, உனக்கு ஆண்டவர் நல்லா வச்சிருக்கார்"னு பிள்ளைங்களுக்குச் சொல்லியிருப்பாங்களோ. ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி அடுத்தவங்க ஸ்தோத்திரத்துக்கு உதாரணமா இருந்த குடும்பம் எங்களோடது. அதை மறந்துட்டுத்தான் நான் செல்லாரைக் கை காட்டினேன்.

இப்போ எங்க வீட்டுல ரெண்டு சட்டம். ஒண்ணு, யாருக்கோ இல்லாததைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணக் கூடாது. ரெண்டு, ஸ்தோத்திரத்துல ஒரு ஆளோட பேர் வரணும், மறுநாள் அவங்ககிட்டயும் போய்ச் சொல்லணும். ஆண்டவருக்குச் சொன்னா போதாதான்னு கேக்குறீங்களா? அவர் கை வச்சு அனுப்பின ஆளைத் தாண்டிக் குதிச்சு அவர்கிட்ட போக முடியாதுங்க.

இந்த ரெண்டாவது சட்டம் என்னையே மாட்டி விட்டுடுச்சு. நன்றி சொல்லப் போன தங்கமணி சும்மா, "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டிருக்கா. "உங்க வீட்டுக்குத்தான் வர்றேன், அன்னைக்குத்தான் பாத்திரம் ஜாஸ்தி"ன்னு பதில். ஓய்வுநாள்னு சொல்லி நாங்க கோயிலுக்குப் போயிட்டு வந்து, விருந்தாளியோட பிரியாணி சாப்பிட்டுத் தூங்குவோம். அந்த அண்டாவைத் தேய்ச்சது யாரு? இப்போ ஞாயித்துக்கிழமை அவங்களுக்குச் சம்பளத்தோட லீவு. பாத்திரம் என் தலையில. பெருமைக்குச் சொல்லலை, பதினோரு வருஷம் லேட்.

சின்னவன் சைக்கிளைத் தூக்கிட்டுக் கீழ போனான். அந்தப் பொண்ணு முதல்ல வர மாட்டேன்னுட்டா. மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் அவன் ஜெபத்துல ஸ்தோத்திரம் இல்ல, 'சாரி'தான் இருந்துச்சு. நான் திருத்தலை.

உங்க வீட்டுலயும் தட்டைத் தள்ளுற வாண்டு இருக்கும். அடுத்த தடவை வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, யாரைக் கை காட்டப்போறோம்னு ஒரு நிமிஷம் யோசிங்க மக்கா. அந்த ஆளுக்கும் காது இருக்கு.