அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

பையனின் தலையைப் பார்த்தே அவன் உருப்படுவானா மாட்டானா என்று சொல்லிவிடலாம் என நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். காதுக்கு மேலே மெஷின் போட்டு ஒட்ட வழித்து, உச்சி முடியை நெற்றியில் புரளவிட்டால் அவன் 'புள்ளிங்கோ'. கலர் அடித்திருந்தால் கஞ்சா குடிப்பவன். பக்கவாட்டில் பிளேடால் ஒரு கோடு இழுத்திருந்தால் ரவுடி. இதை வெட்டி எறிந்தால் ஒழுக்கம் தானே வந்துவிடும் என்பது இந்த நம்பிக்கையின் மறுபாதி. தலைமையாசிரியர்கள் சலூன்காரர்களுக்கு 'மாணவர்களுக்கு இப்படி வெட்டாதீர்கள்' என்று கடிதம் எழுதுகிறார்கள். சில பள்ளிகளில் முடிதிருத்துபவரை வளாகத்துக்கே வரவழைத்து, பையன்களை வரிசையில் உட்காரவைத்து வெட்டுகிறார்கள். மறுநாள் அது படத்தோடு செய்தியாகிறது. படித்துவிட்டு நாம் சபாஷ் போடுகிறோம்.

இது தவறு மட்டுமல்ல, கொடுமை. பதினைந்து வயதுப் பையனை, சக மாணவர்கள் பார்க்க, அவன் விருப்பத்துக்கு மாறாக உடம்பில் கைவைத்து அவமானப்படுத்துவதற்கு வேறு பெயர் இல்லை.

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாறும். நடுவில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், 2010இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் உற்பத்தி செய்து சென்னைக்கு அனுப்புவதற்காகக் கட்டிய ஆலை அது. ஆனால் அந்த ஆலை இருக்கும் மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் கடல் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த உப்புத் தண்ணீரில் குளித்து, விடுமுறை நாளில் அப்பாவோடு கடலுக்கும் ஆற்றுக்கும் போய் வெயிலில் காய்கிற பையனின் முடி நுனி தானாகவே செம்பட்டை பாயும். முடிக்குக் கருமை தரும் நிறமியை வெயில் சிதைக்கும். உப்பு முடியை வறளவைக்கும். அவனைத்தான் வகுப்பு வாசலில் நிறுத்தி, 'என்னடா, கலர் அடிச்சிருக்கியா?' என்று கேட்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கத்திலிருக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் வாளியையும் குவளையையும் வைத்துக்கொண்டு அதை அள்ளினார்கள். பலரிடம் ஒழுங்கான கையுறைகூட இல்லை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் கழிமுகத்தில் பல்லாண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. இந்த மக்களின் தோலில் என்ன ஒட்டுகிறது, நுரையீரலுக்குள் என்ன போகிறது என்று பதறாத சமூகம், அவர்கள் பிள்ளைகளின் நெற்றி முடி மூன்று அங்குலம் நீண்டால் மட்டும் பதறுகிறது. என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பையனிடம் சொந்தமாக என்ன இருக்கிறது? எட்டாம் வகுப்புவரை சீருடை அரசு கொடுத்தது. புத்தகப் பையும் அரசு கொடுத்தது. பதினொன்றாம் வகுப்பில் வரும் சைக்கிளும் ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி. இவையெல்லாம் நல்ல திட்டங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் மீசை அரும்பும் வயதில் 'இது நான்' என்று காட்ட அவனுக்கு மிஞ்சியிருப்பது தலைமுடி ஒன்றுதான். பின்பாக்கெட்டில் சீப்பு வைத்துக்கொண்டு, நிற்கிற பைக்கின் கண்ணாடியில் எல்லாம் முகம் பார்க்கிறவன் தன்னை மதிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதே வெட்டு, அதே கலர் அடையாற்றில் கார் வைத்திருக்கும் வீட்டுப் பையன் தலையில் இருந்தால் அதை ஸ்டைல் என்கிறோம். மீஞ்சூர் சலூனில் வெட்டிக்கொண்டால் குற்றம். நாம் பயப்படுவது முடியைப் பார்த்து அல்ல, அது முளைத்திருக்கும் ஊரைப் பார்த்து.

பெரியவர்களின் மறதியும் வியப்பாக இருக்கிறது. குடுமியை எடுத்துவிட்டு கிராப்பு வைத்துக்கொண்ட தலைமுறையைப் பார்த்து, குலம் கெட்டது என்று அழுத வீடுகள் இங்கே உண்டு. தியாகராஜ பாகவதரைப் பார்த்துத் தோள்வரை முடி வளர்த்தவர்கள் நம் தாத்தாக்கள். எழுபது, எண்பதுகளில் காதை மூடி ஸ்டெப் கட்டிங் வைத்துத் திட்டு வாங்கியவர்கள்தான் இன்று தலைமையாசிரியர்களாகவும் காவல்துறை அதிகாரிகளாகவும் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அதே எழுபதுகளில் சிங்கப்பூர், நீளமுடி ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியது. அந்த நாடு முன்னேறியது துறைமுகத்தாலும் பள்ளிகளாலும். முடிவெட்டி முன்னேறவில்லை.

'இப்படித் திரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?' என்று அக்கறையோடு கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் பதில் அவர்கள் கண்முன்னே இருக்கிறது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் நிரந்தர வேலை கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாகவே அவர்கள் நின்றுபோனதற்கு யாருடைய தலைமுடி காரணம்? ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பார்க்கிற வேலையில் கிருதா எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியப்போகிறது? அப்படியே நேர்காணலுக்கு வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், போகிற அன்று காலையில் அவனே வெட்டிக்கொண்டு போவான். முடி வளரும், குறையும். எட்டாம் வகுப்பில் பட்ட அவமானம் அப்படிக் குறையாது.

ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதானால் நாங்குநேரியைப் பற்றிப் பேசுவோம். 2023 ஆகஸ்ட்டில் அங்கே ஒரு தலித் மாணவனை, உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தக் கைகளுக்கு அரிவாளைத் தந்தது சாதி. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிக்குள் தடைசெய்யச் சொன்னது. உடனே எதிர்ப்புக் குரல்கள் கிளம்பின. மணிக்கட்டில் இருக்கும் ஆபத்தை அவிழ்க்கத் தயங்குகிற நாம், தலைமேல் இருக்கும் ஆபத்தில்லாத ஒன்றை அறுக்க அவசரப்படுகிறோம்.

முடியைப் பற்றிப் பையன்களிடம் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. மலிவான டையில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். காதுக்குப் பின்னால் துளி தடவிச் சோதிக்காமல் பூசக்கூடாது. ஒரே பிளேடைப் பலருக்குப் போட்டால் ஹெபடைடிஸ் பி பரவலாம். சுத்தம் செய்யாத மெஷினால் படர்தாமரை தொற்றும். இதைச் சொல்லித்தரும் ஆசிரியரை அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். சலூன் அண்ணனையும் வகுப்புக்கு அழைக்கலாம், தண்டனை தரும் கையாக அல்லாமல் தன் தொழிலைத் தெரிந்தவராக. இப்போதோ, 'வெட்டிக்கிட்டு வா' என்று கேட்டுக்கு வெளியே அனுப்பப்படும் பையன் அன்றைய பாடத்தை இழக்கிறான். கையில் காசில்லாதவன் மறுநாளும் வரமாட்டான். ஏற்கெனவே கூலி வேலை கூப்பிட்டுக்கொண்டிருக்கும் ஊரில், பத்தாம் வகுப்பை விட்டு நிற்க அது போதும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009 தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அது 14 வயதோடு நின்றாலும், பொறுப்பில் இருக்கும் குழந்தையை வதைப்பவருக்கு 3 ஆண்டுவரை சிறை என்று சொல்லும் சிறார் நீதிச் சட்டம் (2015) 18 வயதுவரை காவல் நிற்கிறது. பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியது ஒரு சுற்றறிக்கை அனுப்புவதுதான்: எந்த மாணவனின் தலையிலும் பள்ளி கை வைக்கக்கூடாது, முடிக்காக யாரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக்கூடாது, மீறினால் நடவடிக்கை. வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அது காட்டூர், அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளுக்கு வந்தாக வேண்டும்.