கூட்டம் சேர்க்கத் தெரிகிறது. வீட்டுக்கு அனுப்பத் தெரியவில்லையே!

மெரினா கற்றுக் கொடுத்த பாடம், செஞ்சிக்கு உதவுமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சென்னைவாசிக்கு கடற்கரைதான் கதி. நாலு பேர் உள்ள குடும்பம் சினிமாவுக்குப் போனால் பர்ஸ் காலி. ஓட்டலுக்குப் போனாலும் அதே கதைதான். மெரினாவுக்கு டிக்கெட் கிடையாது. ரெண்டு பொட்டலம் சுண்டல், பிள்ளைக்கு ஒரு பலூன், கொஞ்சம் கடல் காற்று. அவ்வளவுதான் செலவு!

இந்த மணல்கூட துறைமுகம் கொடுத்த சீதனம். 19-ம் நூற்றாண்டில் கடலுக்குள் துறைமுகச் சுவரை எழுப்பினார்கள். தெற்கே இருந்து வந்த மணல் அதில் முட்டி நின்றது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் போய்ச் சேரவில்லை. அங்கே கடல் கரையை அரித்துத் தின்றது. ஒரு பக்கம் லாபம், மறு பக்கம் நஷ்டம்.

அப்படிக் கிடைத்த மணலில்தான் 2024-ல் ஐந்து உயிர்கள் போயின.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள்

2024 அக்டோபர் 6-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92-வது ஆண்டு விழா. 21 ஆண்டுகளுக்குப் பிறகு சென்னையில் விமான சாகசம். காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை நிகழ்ச்சி. 72 விமானங்கள். அனுமதி இலவசம். சும்மா விடுவார்களா ஜனங்கள்? குஞ்சும் குளுவானுமாக காலையிலேயே கிளம்பி விட்டார்கள். பல லட்சம் பேர் திரண்டார்கள்.

வானத்தில் ஒரு குறையும் இல்லை. விமானங்கள் வந்தன, பறந்தன, போயின. கோளாறு எல்லாம் தரையில்தான். வெயிலில் பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் நிதி உதவி அறிவித்தார், முதல்வர் மு.க.ஸ்டாலின்.

குடையும் தண்ணீரும் கொண்டு வரும்படி முன்கூட்டியே சொல்லி இருந்ததாக அரசுத் தரப்பில் கூறினார்கள். ஏற்பாடு போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் கூறின. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நடந்தது என்ன என்று பார்த்தால், மூன்று காரணங்கள் கண்ணில் படுகின்றன.

வந்தது மெதுவாக, கிளம்பியது ஒரேயடியாக!

முதல் காரணம், நேரம். ஜனங்கள் வந்தது மூன்று நாலு மணி நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. கிளம்பியது ஒரே சமயத்தில், உச்சி வெயிலில்! 1 மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. "வீட்டுக்குப் போனாப் போதும்" என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நடையைக் கட்டினார்கள்.

இரண்டாவது, இடம். மைதானத்துக்கு நாலு பக்கம் வாசல் வைக்கலாம். கடற்கரைக்கு ஒரு பக்கம் கடல். மிச்சம் இருப்பது காமராஜர் சாலை ஒன்றுதான். லட்சக்கணக்கான பேர் அந்த ஒரு சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, ரெயில். கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரெயில் 2023 ஆகஸ்டு 27-ந் தேதி முதல் ஓடவில்லை. எழும்பூர்-கடற்கரை நாலாவது பாதை வேலைக்காக நிறுத்தி இருந்தார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் 29-ந் தேதி. அதாவது, சாகசம் முடிந்து 23 நாள் கழித்து! ஆவடி, அம்பத்தூர் பக்கத்து ஜனங்கள் பார்க் டவுனில் பறக்கும் ரெயிலுக்கு மாறும் வசதி அன்று இல்லை. சேப்பாக்கம், கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்களில் மூச்சு முட்டியது. வேளச்சேரி பிளாட்பாரத்திலும் நிற்க இடம் இல்லை.

காணும் பொங்கலுக்கு மட்டும் எப்படி?

"மெரினாவுக்கு கூட்டம் புதுசா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தை 3-ந் தேதி காணும் பொங்கலுக்கும் லட்சக்கணக்கில்தான் வருகிறார்கள். கட்டுச்சோறு சாப்பிட்டு, கரும்பு கடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

அன்று வெயில் இதமானது. பகலில் ஒரு கூட்டம் வரும், ஒரு கூட்டம் போகும். எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பி அனுப்பும் மணி எதுவும் அடிப்பதில்லை. போலீசாருக்கும் பழகின வேலை. கடலில் இறங்காதபடி தடுப்பு கட்டுகிறார்கள். பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையை பிள்ளைகள் கையில் மாட்டுகிறார்கள்.

ஆகவே, கூட்டம் பெரிதா சிறிதா என்பது மட்டும் கணக்கு அல்ல. எந்த நேரத்தில் வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கணக்கு. 2022-ல் தென்கொரியாவின் சியோல் நகரில் குறுகிய சந்து ஒன்றில் நெரிசல். 159 பேர் மாண்டார்கள். 2025 ஜூன் 4-ந் தேதி பெங்களூர் கிரிக்கெட் மைதான வாசலில் 11 பேர். அதே ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி நம்ம கரூரில் 41 பேர்.

இனி செஞ்சியில் கூட்டம்

கடற்கரை அலுத்துப் போனவர்கள் இப்போது செஞ்சிக்கு பஸ் ஏறுகிறார்கள். 2025 ஜூலை 11-ந் தேதி யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை இடம் பிடித்தது. மராட்டியர் கோட்டைகள் 12. அதில் 11 மராட்டிய மாநிலத்தில். மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி! தேசிங்குராஜன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு பெருமைதான்.

பெருமையோடு கவலையும் வருகிறது. ராஜகிரிக்கு ஏற ஒரே படிக்கட்டுப் பாதை. உச்சிக்குப் பக்கத்தில் பாறைப் பிளவைத் தாண்ட ஒரு சிறு பாலம். எதிரிப் படை ஏறி வரக்கூடாது என்றுதானே அப்படிக் கட்டினார்கள்! மொகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகை போட்டு, 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தது. அன்று அது பலம். லீவு நாளில் குடும்பம் குடும்பமாக ஏறினால், இன்று அதுவே ஆபத்து. வெயிலில் பாறை கொதிக்கும். மயங்கி விழுந்தவரை கீழே தூக்கி வர வேண்டியதும் அதே பாதையில்தான்.

செஞ்சிக்கு ரெயில் கிடையாது. திண்டிவனம்-செஞ்சி-திருவண்ணாமலை ரெயில் பாதை இன்னும் முடிந்தபாடில்லை. எல்லோரும் பஸ்சிலும் காரிலும்தான் வர வேண்டும். சென்னைக்காரர் பஸ் பிடிப்பது கிளாம்பாக்கத்தில். ராயபுரத்துக் குடும்பத்துக்கு கிளாம்பாக்கம் போவதே பாதி பயணம்!

மண்டகப்பட்டை மறந்தது ஏன்?

கூட்டத்தை பிரித்து விட வழி இல்லாமல் இல்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில், சுமார் 20 கிலோ மீட்டரில் மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவன் 7-ம் நூற்றாண்டில் குடைந்த கோவில் அங்கே இருக்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அப்படி ஒரு கோவிலை பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுப்பித்ததாக அரசனே கல்வெட்டில் பெருமை அடித்துக் கொள்கிறான். வாசலில் இரண்டு துவாரபாலகர்கள் காவல். மலை ஏற முடியாத தாத்தா, பாட்டிகூட நின்று பார்க்கலாம்.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் ரங்கநாதர் இருக்கிறார். மேல்சித்தாமூரில் ஜைன மடம். பனமலையில் பல்லவர் கோவில். லீவு நாட்களில் இவற்றை எல்லாம் சுற்றி வர ஒரு பஸ் விட்டால், ராஜகிரி படிக்கட்டில் நெருக்கடி குறையும். அந்த ஊர் டீக்கடைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும்.

செலவு அதிகம் இல்லை

மலையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கீழே ஒரு கணக்கு. அளவு தாண்டினால் கொஞ்ச நேரம் நிறுத்தி அனுப்புவது. ஏறும் வழியில் தண்ணீர், நிழல். அடிவாரத்தில் ஒரு ஆம்புலன்ஸ். மாலையில் கூட்டம் இறங்கும் நேரத்துக்கு கூடுதல் பஸ். இவ்வளவுதான் தேவை. கோடிக்கணக்கில் திட்டம் எதுவும் வேண்டாம்.

விழாவுக்கு எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று மார்தட்டுவது அதிகாரிகளுக்கு வழக்கம். வந்தவர்களில் எத்தனை பேர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதே சரியான கணக்கு. மெரினாவில் அந்தக் கணக்கில் ஐந்து குறைந்தது. செஞ்சியில் ஒன்றுகூடக் குறையக் கூடாது!