உப்புக்காற்றும் பழைய மோட்டார் சைக்கிளும்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் புகுவோர் முதற்கண் வினவுவது, எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்பதே. குறைவாக ஓடிய வண்டியே உறுதியான வண்டி என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றி நிற்கின்றது. மரக்காணத்து உப்பளங்கள் தொடங்கிப் புதுவை எல்லை வரை நீளும் எங்கள் கடற்கரையில் அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது என்பது எமது கருத்து.

இக்கருத்தை யாம் நூல்களிற் பெற்றிலேம். இடையஞ்சாவடியில் வாழும் எம் நண்பர் ஒருவர், கல்லூரிக்கு வந்து போகும் பொருட்டு யமஹா ஆர்15 வண்டியொன்றை வாங்கினார். அவர்தம் அன்னையார் முந்திரிக்கொட்டை உடைத்துச் சேர்த்த பணம் அது. உப்பளத்தை அடுத்த ஒரு வீட்டில் ஈராண்டு நின்றிருந்த அவ்வண்டியின் மீட்டர் 6,000 கிலோமீட்டரே காட்டிற்று. மேற்பூச்சோ கண்ணாடிபோல் மின்னிற்று. மூன்றாம் வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன் பிரேக் பிடித்தது, பிடித்தது விடவில்லை. நண்பர் கைச் சிராய்ப்போடு தப்பினார்.

இதன் காரணம் எளிது. கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுப்பது. ஆதலின் மழையே இல்லாத நாளிலும் உப்புப் படிந்த இரும்பு நனைந்தே கிடக்கின்றது. ஓடும் வண்டியை உடையவர் கழுவுவர், எண்ணெயிடுவர். நிற்கும் வண்டியை யார் தொடுவர்? பிரேக்கிலுள்ள திரவமும் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினதே. அரைகுறையாகப் பெட்ரோல் நின்ற தொட்டியின் உட்புறமும் துருவேறும். எனவே, நாள்தோறும் ஓடிய 30,000 கிலோமீட்டர் வண்டியை, நின்று கிடந்த 6,000 கிலோமீட்டர் வண்டியினும் யாம் மேலாகக் கொள்வோம்.

அங்ஙனமாயின் பார்க்க வேண்டியது யாது? துடைப்போர் கை படாத இடங்களே. முன் ஃபோர்க் குழாய்களில் விரலை ஓட்டுக. துருப்புள்ளிகள் தட்டுப்படின், அவை ஆயில் சீலை அறுத்து எண்ணெய் கசியச் செய்யும். முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை இருபுறமும் திருப்புக; நடுவில் தடை தோன்றின் பேரிங் தேய்ந்தது. செயினைப் பின் பற்சக்கரத்தினின்று இழுத்துப் பார்க்க. பற்கள் கொக்கிபோல் வளைந்திருக்க, மீட்டர் சில ஆயிரமே காட்டுமாயின், மீட்டரை நம்பற்க. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உள. 2319 எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பந்தய வண்டி வாங்கியவர் பலரும் ஒருமுறையேனும் விழுந்திருப்பர் (எம் நண்பர் குழாமே சான்று). கால்வைக்கும் கட்டையின் நுனி, பிரேக் நெம்புகோலின் நுனி ஆகியவற்றிலுள்ள உராய்வுகளைப் புதுப்பூச்சு மறைப்பதில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்லுதல் வேண்டும். சென்றவுடன் தொட்டுப் பார்க்க. சூடாயிருப்பின், நமக்கு முன்பே யாரோ கிளப்பி வைத்துள்ளனர். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். இவ்விதி ஆர்எக்ஸ்100 வண்டிக்குச் செல்லாது. அது எண்ணெயையும் எரித்தே ஓடும் இரட்டை வீச்சு எஞ்சின். 1996இல் அதன் உற்பத்தி நின்றமையால், அதில் மீட்டரை வினவுதலே வீண்.

தமிழ் பயில்வோர்க்குப் பாடபேதம் நோக்குதல் பழகிய தொழிலன்றோ? பதிவுச் சான்றிதழிலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிற் பொறித்தவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. இங்குப் பாடபேதம் ஒன்று காணினும் பேரம் வேண்டா. கடன் தீராத வண்டியாயின் அக்குறிப்பும் அதிலேயே இருக்கும். எங்கள் ஊர் புதுவையை அடுத்தது. ஆதலின் புதுவைப் பதிவு வண்டிகள் மலிவாக வந்து சேர்கின்றன. அவற்றிற்குத் தடையில்லாச் சான்று கேட்டுப் பெறுதல் வேண்டும். 12 மாதத்திற்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருப்பின் இங்குப் புதுப்பதிவும் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தவரை யாம் அதிகம் கண்டிலேம்.

எம் நண்பரின் வண்டி இப்பொழுது அவர் வீட்டுத் திண்ணையருகே சாக்குப் போர்த்து நிற்கின்றது. பிரேக்கைப் பழுதுபார்க்கும் பணம் இன்னும் சேரவில்லை; அவர் பேருந்திலேயே வருகின்றார்.